பிசுக்கு, சாம்பல், துரு: பெல்லட் கிரில் கேள்வி–பதில்

பெல்லட் எனும் அழுத்திய மரத்தூள் துண்டுகளை எரித்துச் சமைக்கும் பெல்லட் கிரில் வைத்திருக்கும் வாசகர்கள் எழுதியவற்றில் பெரும்பாலானவை துருவைப் பற்றியோ பிசுக்கைப் பற்றியோதான். இரண்டையும் தனித்தனி நோயாக எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறோம்.

கே: கிரில்லை ஒருநாள்கூட மழையில் விட்டதில்லை. சமைத்து முடித்ததும் உறையைப் போட்டு மூடிவிடுகிறேன். அப்படியும் உள்ளே அடிப்பகுதி முழுக்கத் துரு. தண்ணீர் எங்கிருந்துதான் வருகிறது?

ப: நீங்கள் எரிக்கும் மரத்திலிருந்தே வருகிறது. உலர்ந்த மரத்தின் எடையில் சுமார் 6 சதவீதம் ஹைட்ரஜன். எரியும்போது அது ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிவிடும். பெல்லட்டில் ஏற்கனவே இருக்கும் கொஞ்சம் ஈரத்தையும் சேர்த்தால், ஒரு கிலோ பெல்லட் எரிந்து முடிவதற்குள் ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வந்திருக்கும். அதில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். ஆனால் கிரில் சூடேறாத முதல் சில நிமிடங்களிலும், அணைத்தபின் ஆறும்போதும், மூடியின் உட்புறத்திலும் புகைபோக்கியிலும் அது வியர்த்து வழியும். அந்த நீர் சுத்தமான நீருமல்ல. புகையிலிருக்கும் அசிட்டிக் அமிலமும் ஃபார்மிக் அமிலமும் அதில் கரைந்திருக்கும்.

இனி சாம்பல். மரச்சாம்பலிலிருக்கும் பொட்டாசியம் உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அடியில் ஒரு விரற்கடை சாம்பல் கிடந்தால், அதன்கீழ் இருக்கும் தகடு வாரக்கணக்கில் காயாது. இறைச்சியிலிருந்து சொட்டிய உப்புநீரும் கொழுப்பும் அதில் கலந்தால் சேறு மாதிரி ஒரு பசை உருவாகிறது. உங்கள் கிரில்லின் அடித்தகட்டைத் தின்பது அந்தப் பசைதான். உலோகத்தின்மேல் மெல்லியதாக வெந்து இறுகிய எண்ணெய்ப் படலம் துருவைத் தடுக்கும். சாம்பலும் நீரும் கலந்த கெட்டிப் பிசுக்கு துருவை வளர்க்கும். எண்ணெயை ஒட்டுமொத்தமாகப் பகையாக நினைக்க வேண்டாம்.

சமைத்து முடித்ததும் உறை போடுவதுதான் உங்கள் விஷயத்தில் முக்கியமான தவறு. இளஞ்சூட்டில் மூடினால் உள்ளிருக்கும் ஆவி வெளியேற வழியில்லாமல் இரவில் குளிர்ந்து அங்கேயே படியும். அணைக்கும் சுற்று முடிந்து விசிறி நின்றபின், கிரில் முழுதாக ஆறட்டும். இரவில் சமைத்தால் மறுநாள் காலை மூடுங்கள். கூரையின்கீழ் இருக்கும் கிரில்லுக்கு உறையே தேவையில்லை. காற்றோட்டம் உள்ள நிழல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையைவிட நல்லது.

இன்னொன்று. பத்து நிமிடம் பற்றவைத்து எதையோ சூடாக்கிவிட்டு அணைப்பது துருவுக்கு நல்ல தீனி. தண்ணீர் உருவாகிவிடும், ஆனால் அதை உலர்த்தும் அளவுக்குச் சூடு வராது. பற்றவைத்தால் முடிக்குமுன் ஒருமுறையாவது 180 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரம் ஓடவிடுங்கள். கொழுப்புத் தட்டில் குளமாக எதுவும் தேங்கியிருக்கக் கூடாது என்பது இதற்கு நிபந்தனை.

கே: முழுமையாகச் சுத்தம் செய்வது எப்படி? எதை முதலில், எதைக் கடைசியில்? வரிசை புரியவில்லை.

ப: மேலிருந்து கீழே, உலர்வேலை முடிந்தபின் ஈரவேலை. இந்த வரிசை மாறினால் சாம்பல் சேறாகிவிடும், வேலையும் இரட்டிப்பாகும்.

மின்இணைப்பைப் பிடுங்குங்கள். கிரில் ஆறி முழுதாக ஒருநாள் ஆகியிருக்கட்டும். பெல்லட் எரியும் தீக்கிண்ணத்தில் சாம்பலுக்கு அடியில் கங்கு பல மணி நேரம் உயிரோடு கிடக்கும். வேக்குவம் கிளீனரின் பைக்குள் அது போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. உலோகத் தொட்டி உள்ள சாம்பல் வேக்குவம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சிறு முறமும் தூரிகையும் போதும். அள்ளிய சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் போட்டு, கட்டடத்தைவிட்டுத் தள்ளி வையுங்கள்.

கம்பித்தட்டுகள், கொழுப்புத் தட்டு, அதன்கீழ் உள்ள வெப்பத் தடுப்புத் தகடு ஆகிய மூன்றையும் வெளியே எடுத்தபின் மூடியின் உட்புறத்தை பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியால் சுரண்டுங்கள். அடுத்துப் புகைபோக்கி: தொப்பியைக் கழற்றி, உள்ளே குழாய் பிரஷ் விட்டு இழுங்கள். பிறகு பக்கச்சுவர்கள். அதன்பின் கொழுப்பு வாளிக்குப் போகும் வடிகுழாய். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கெட்டியான கொழுப்பு அதில் அடைத்துக்கொண்டால் வழியில்லாத கொழுப்பு உள்ளேயே தேங்கும். ஒரு மரக்குச்சியால் இருபுறமிருந்தும் குத்தித் தள்ளுங்கள்.

இப்போது அடியில் விழுந்ததையெல்லாம் சாம்பலோடு சேர்த்து உறிஞ்சி எடுங்கள். தீக்கிண்ணத்தின் பக்கங்களில் இருக்கும் காற்றுத் துளைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அடைந்திருந்தால் ஆணியால் திறந்துவிடுங்கள். பற்றவைக்கும் இக்னைட்டர் கம்பியின்மேல் மட்டும் எதையும் இடிக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பீங்கான் பகுதி எளிதில் உடையும்.

ஈரவேலை கடைசி. ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் போதும். பிடிவாதமான பிசுக்கு என்றால் வெளியே எடுத்த எஃகுத் தட்டுகளுக்கு மட்டும் லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வாஷிங் சோடா கரைத்து அரைமணி ஊறவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அலுமினியப் பாகங்களை இதில் போட வேண்டாம், கறுத்துவிடும். கிரில்லின் உடம்பைத் துணியை நனைத்துப் பிழிந்துதான் துடைக்க வேண்டும், தண்ணீரை ஊற்றக் கூடாது. துடைத்ததும் எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, 180 டிகிரியில் அரைமணி ஓட்டி உலர்த்துங்கள். வெயிலில் காயட்டும் என்று விட்டால் மடிப்புகளிலும் வெல்டிங் ஓரங்களிலும் ஈரம் நின்றுவிடும்.

தீக்கிண்ணத்துச் சாம்பலை இரண்டு மூன்று சமையலுக்கு ஒருமுறையும், நீண்ட நேரச் சமையலுக்குமுன் கட்டாயமாகவும் எடுங்கள். முழுச் சுத்தம், கொழுப்பு அதிகமுள்ள இறைச்சியை அடிக்கடி சமைப்பவர்களுக்கு ஐந்தாறு சமையலுக்கு ஒருமுறை. மற்றவர்கள் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

கே: மூடியின் உள்ளிருந்து கருப்புச் செதில்கள் உதிர்ந்து உணவின்மேல் விழுகின்றன. பெயின்ட் உரிகிறதா?

ப: பெரும்பாலும் இல்லை. புகையும் கொழுப்பாவியும் படிந்து கரியான அடுக்கு அது. கெட்டியாகும்போது சூட்டில் விரிந்து சுருங்கி, பிடிப்பு விட்டுச் செதிலாகிறது. ஒரு செதிலை விரலில் நசுக்குங்கள். கரித்தூளாகப் பொடிந்தால் படிவு. மெல்லிய தாள்போல் மடங்கி, அடியில் பளிச்சென்ற உலோகம் தெரிந்தால் பூச்சு. படிவு என்றால் பிளாஸ்டிக் சுரண்டியால் உதிர்வதை மட்டும் எடுங்கள். நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய கருப்பை விட்டுவிடுங்கள், அது காவல். பளபளப்பாக, தார் மாதிரி ஒட்டும் படிவு மட்டும் வேறு வகை. குறைந்த சூட்டில் புகை சரியாக வெளியேறாமல் உண்டானது, உணவில் கசப்பு ஏற்றும். அதை எடுத்துவிட்டுப் புகைபோக்கித் தொப்பி மிகவும் கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

கே: உள்ளே துருவைச் சுரண்டியபின் என்ன பூசுவது? துருவைக் கருப்பாக மாற்றும் திரவம் ஒன்று விற்கிறார்களே?

ப: சமையலறைக்குள், அதாவது மூடிக்குக் கீழே, அந்தத் திரவமும் வேண்டாம், பெயின்ட்டும் வேண்டாம். சூட்டில் அவை நிலைக்காது, உணவருகே இருக்க வேண்டியவையும் அல்ல.

முதலில் துருவின் ஆழத்தைப் பாருங்கள். ஒரு ஸ்குரூ டிரைவரின் முனையால் அழுத்திப் பார்த்தால் தகடு கெட்டியாக இருக்க வேண்டும். அமுங்கினாலோ பொருக்காகப் பிளந்தாலோ அது பூச்சால் தீராது. கெட்டியாக இருந்தால், தளர்ந்த துருவைக் கம்பி பிரஷாலும் 80 நம்பர் உப்புத்தாளாலும் எடுத்து, தூளைத் துடைத்துவிட்டு, சுத்திகரித்த சூரியகாந்தி அல்லது சோயா எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேயுங்கள். பிறகு உலர்ந்த துணியால், எண்ணெயே பூசவில்லை என்று தோன்றும் அளவுக்குத் துடைத்தெடுங்கள். மூடியை மூடி 200 முதல் 230 டிகிரியில் ஒருமணி நேரம். எண்ணெய் வெந்து இறுகி, ஒட்டாத கருப்புப் படலமாகும். மறுபடி ஒருமுறை செய்தால் இன்னும் நல்லது. தொட்டால் பிசுபிசுக்கிறது என்றால் எண்ணெய் அதிகமாகிவிட்டது அல்லது சூடு போதவில்லை. அந்தப் பிசுபிசுப்பில் சாம்பல் ஒட்டும், கதை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

அடியில் ஓட்டையே விழுந்திருந்தால், அதே கனமுள்ள எஃகுத் தகட்டை வெட்டி, எவர்சில்வர் போல்ட்டால் முறுக்கலாம். துத்தநாகம் பூசிய தகட்டை எடுக்காதீர்கள். தீக்கு அருகில் துத்தநாகம் ஆவியாகும், அந்தப் புகை நல்லதல்ல. தீக்கிண்ணம் உட்காரும் இடமே அரித்திருந்தால் ஒட்டுப்போட்டு ஓட்ட வேண்டாம்.

கே: கம்பித்தட்டில் துரு வந்தால் மாற்றியே ஆக வேண்டுமா?

ப: எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. வார்ப்பிரும்பு என்றால் கவலையே இல்லை. தேய்த்துக் கழுவி, உடனே உலர்த்தி, மேலே சொன்ன எண்ணெய் முறையைச் செய்தால் பழையபடி ஆகிவிடும்.

எனாமல் பூசிய கம்பி என்றால் பூச்சு பெயர்ந்த இடத்தில்தான் துரு பிடிக்கும். ஓரிரு புள்ளிகள் என்றால் எண்ணெயால் சமாளிக்கலாம். பூச்சே சில்லுசில்லாக உதிர்கிறது என்றால் தயங்காமல் மாற்றுங்கள், அது கண்ணாடித் துண்டு மாதிரியானது. எனாமலில் உலோகச் சுரண்டி படவே கூடாது.

எவர்சில்வர் துருப்பிடிப்பதைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று எழுதியிருந்தார் ஒருவர். காந்தம் வைத்துப் பாருங்கள். நன்றாக ஒட்டினால் அது நிக்கல் இல்லாத 430 வகையாக இருக்கலாம். 304 வகையைவிட உப்பை இது குறைவாகவே தாங்கும். ஆனால் சாதாரண இரும்புக் கம்பி பிரஷால் தேய்த்தால் 304-இன்மேலும் துருப்புள்ளி வரும். பிரஷிலிருந்து ஒட்டிய இரும்புத்தூள்தான் அங்கே துருப்பிடிக்கிறது. எலுமிச்சை உப்பை நீரில் கரைத்துத் துடைத்துக் கழுவினால் புள்ளி போய்விடும்.

எந்தக் கம்பி பிரஷாக இருந்தாலும், தேய்த்தபின் தட்டை ஈரத்துணியால் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். உதிர்ந்த கம்பியிழை உணவில் ஒட்டித் தொண்டையில் குத்திய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. சமைக்கும் தட்டுக்கு மரச்சுரண்டியே எங்கள் சிபாரிசு.

கே: வெளிப்புறத்தில், தீக்கிண்ணத்துக்கு நேர்கீழே பெயின்ட் கொப்பளித்துத் துரு தெரிகிறது. எந்த பெயின்ட்?

ப: சிலிக்கோன் அடிப்படையிலான, 650 டிகிரி வரை தாங்கும் என்று டப்பாவில் எழுதிய வெப்பம் தாங்கும் பெயின்ட். கொப்பளித்த பகுதியைச் சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்கு நல்ல பெயின்ட்டையும் சேர்த்து 80 நம்பர் தாளால் எடுத்து, 120, பிறகு 220 நம்பரால் ஓரங்களைச் சரிவாக்குங்கள். பெரும்பாலான தோல்விகள் பெயின்ட்டால் வருவதில்லை, பிசுக்கு போகாத தகட்டால் வருகின்றன. எனவே அசிட்டோன் தொட்ட வெள்ளைத் துணி கறைபடாமல் வெளிவரும்வரை துடையுங்கள். அசிட்டோன் தீப்பற்றும் என்பதால் கிரில் குளிர்ந்திருக்க வேண்டும், ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். மெல்லியதாக மூன்று பூச்சு, இடையில் 15 நிமிடம். ஒரே கனமான பூச்சு சூட்டில் மறுபடி கொப்பளிக்கும்.

காய்ந்தது என்பது வேறு, பதமானது என்பது வேறு. இந்தப் பெயின்ட் சூட்டில்தான் இறுகும். டப்பாவிலுள்ள குறிப்பே முதன்மை. பொதுவாக 120 டிகிரியில் அரைமணி, ஆறவிட்டு 200 டிகிரியில் அரைமணி, மறுபடி ஆறவிட்டு உங்கள் கிரில் எட்டும் உச்சச் சூட்டில் அரைமணி. அப்போது வரும் வாசனையில் எதையும் சமைக்காதீர்கள்.

கே: குறைந்த சூட்டில் பத்து மணி நேரம் சமைத்தபோது ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் உச்சச் சூட்டுக்கு ஏற்றியதும் உள்ளே தீப்பிடித்தது. ஏன்?

ப: முதல்நாள் சொட்டிய கொழுப்பு தட்டிலும் அடியிலும் தேங்கியிருந்தது. 110 டிகிரியில் கொழுப்பு உருகும், பற்றாது. உச்சச் சூட்டில், அதுவும் தீக்கிண்ணத்துக்கு நேர்மேலே, தகட்டின் சூடு திரையில் காட்டும் எண்ணைவிட மிக அதிகம். அங்கே பற்றும். நீண்டநேரச் சமையலுக்கும் உச்சச் சூட்டுச் சமையலுக்கும் நடுவில் தட்டைச் சுரண்டாமல் இருக்கவே கூடாது.

தீப்பிடித்தால் கிரில்லின் சுவிட்சை அணையுங்கள். மூடியைத் திறக்காதீர்கள். ஆர்வத்தில் திறந்து பார்ப்பவர்களின் புருவம்தான் முதலில் போகிறது. தண்ணீர் ஊற்றவே கூடாது, கொதிக்கும் கொழுப்பில் நீர் சட்டென்று ஆவியாகி எரியும் கொழுப்பை நாலாபுறமும் தெறிக்கவிடும். மின்கம்பியைப் பிடுங்குவதா வேண்டாமா என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், கையேட்டில் இந்தப் பக்கத்தை இப்போதே படித்து வையுங்கள். மூடிக்கு வெளியே சிறு தீ அணையாமல் எரிந்தால் சமையல் சோடாவைத் தூவலாம். மாவு தூவாதீர்கள், அது எரியும். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும், கிரில்லுக்குப் பின்னால் வேண்டாம். தீ கிரில்லைத் தாண்டினால் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுவதைத் தவிர வேறு யோசனை வேண்டாம்.

கே: கொழுப்புத் தட்டில் அலுமினியத் தாள் விரித்தால் வேலை மிச்சம்தானே?

ப: மிச்சம்தான், சுருக்கமில்லாமல் விரித்தால். சுருக்கத்தில் கொழுப்பு தேங்கும். தட்டின் ஓரத்தைத் தாண்டித் தாள் நீண்டால் பக்கவாட்டில் சூடான காற்று ஏறும் இடைவெளி அடைபடும். தாளைத் தட்டோடு மாதக்கணக்கில் விட்டுவிடுவதும் கூடாது. உப்பும் ஈரமும் இருந்தால் எஃகைத் தொட்டிருக்கும் அலுமினியம் அரித்துப் பொடித்துளைகள் விழும், அதன்வழி இறங்கிய உப்புக்கொழுப்பு அடியில் காயாமல் கிடந்து தட்டைத் துருப்பிடிக்க வைக்கும். ஓரிரு சமையலுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கே: ஓவன் கிளீனர் ஸ்பிரே? பிரஷர் வாஷர்?

ப: இரண்டும் வேண்டாம். பல ஓவன் கிளீனர்களில் காஸ்டிக் சோடா உண்டு. பிசுக்கைச் சோப்பாக்கிக் கரைக்கும், கூடவே பெயின்ட்டையும் அலுமினியத்தையும் தின்னும். பிரஷர் வாஷர் தண்ணீரை ஆகர் (பெல்லட்டைத் தீக்கிண்ணத்துக்குத் தள்ளும் திருகு) குழாய்க்குள்ளும் மின்இணைப்புக்குள்ளும் தள்ளிவிடும். அதன் விளைவு அடுத்த கேள்வியில்.

கே: பெல்லட் கொட்டிவைக்கும் ஹாப்பருக்குள் மழைநீர் போய்விட்டது. ஆகர் சுற்றவில்லை, மோட்டார் உறுமுகிறது.

ப: உடனே அணையுங்கள். தொடர்ந்து ஓட்டினால் மோட்டாரோ, அதற்கும் திருகுக்கும் நடுவிலிருக்கும் இணைப்பு ஊசியோ போய்விடும். பெல்லட் என்பது பசை இல்லாமல் அழுத்தத்தால் மட்டுமே கட்டுண்ட மரத்தூள். நனைந்ததும் பல மடங்கு ஊதி, குழாய்க்குள் இறுகி, காய்ந்தபின் சிமென்ட் ஆகிவிடும். ஆகவே இன்றே செய்யுங்கள், ஈரமாக இருக்கும்போது எளிது.

மின்இணைப்பைப் பிடுங்கி ஹாப்பரைக் காலிசெய்யுங்கள். தீக்கிண்ணத்தின் பக்கமிருந்து நீண்ட ஸ்குரூ டிரைவரால் கிளறி எடுங்கள். பிறகு மோட்டாரையும் ஆகர் தண்டையும் இணைக்கும் போல்ட்டைக் கழற்றி, தண்டை ஸ்பேனரால் பிடித்து இருபுறமும் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். அசையத் தொடங்கியதும் வெளியே இழுத்துவிடலாம். குழாயை உருளை பிரஷால் தேய்த்து, திருகிலிருக்கும் துருவை 120 நம்பர் தாளால் எடுத்து, எல்லாவற்றையும் நன்றாக உலர்த்துங்கள். இங்கே மட்டும் எண்ணெய் பூச வேண்டாம், மரத்தூள் அதில் ஒட்டி மறுபடி அடைக்கும். துரு தளர்த்தும் ஸ்பிரேயும் வேண்டாம், அந்தக் குழாயின் மறுமுனையில் இருப்பது நெருப்பு.

மாட்டியபின் பற்றவைக்குமுன் தீக்கிண்ணத்தைப் பாருங்கள். முயன்று முயன்று பார்த்ததில் அது நிரம்பி வழிந்தால் காலிசெய்யுங்கள். நிரம்பிய கிண்ணம் முதலில் அடர்புகையை உண்டாக்கும், அந்தப் புகை ஒட்டுமொத்தமாகப் பற்றும்போது மூடியே தூக்கும். பழைய பெல்லட்டையும் சோதியுங்கள். உடைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும். வளைந்து நொறுங்கினால் அது கிரில்லுக்கு ஆகாது.

கே: சுத்தம் செய்தபின் சூடு முன்னைவிட அதிகமாக ஏறி இறங்குகிறது. எதையாவது கெடுத்துவிட்டேனா?

ப: வெப்பத் தடுப்புத் தகடு தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு விரல் நகர்ந்திருந்தாலும் ஒரு பக்கம் கருகும். அடுத்து உட்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் வெப்ப உணரி. அதன்மேல் பிசுக்கு கெட்டியாகப் படிந்தால் சூட்டைத் தாமதமாக உணரும், அதற்குள் கட்டுப்பாட்டுக் கருவி தேவைக்கு மேல் பெல்லட் தள்ளிவிடும். வினிகர் தொட்ட துணியால் துடையுங்கள், உப்புத்தாள் வேண்டாம். பிறகு அதன் அருகிலேயே வேறொரு வெப்பமானியை வைத்து, அரைமணி கழித்து ஒப்பிடுங்கள். 10, 15 டிகிரி வித்தியாசம் இயல்பு.

கே: தீக்கிண்ணத்தின் சுவர் மெலிந்து துளைகள் பெரிதாகிவிட்டன.

ப: மாற்றுங்கள். அது தேய்வதற்கென்றே இருக்கும் பாகம். துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் காற்று தவறான இடத்தில் நுழைந்து சாம்பலை உணவின்மேல் ஊதும். போல்ட் இறுகிப்போயிருந்தால் முறுக்கி உடைத்துவிடாமல் முதல்நாள் இரவே துரு தளர்த்தும் திரவம் சில சொட்டு விடுங்கள். புதிய கிண்ணம் மாட்டுமுன் அந்த இடத்தைச் சோப்பு நீரால் துடைத்து முழுக்க உலர்த்திவிட வேண்டும்.

கே: மூன்று நான்கு மாதம் உபயோகிக்கப்போவதில்லை. எப்படி வைப்பது?

ப: ஹாப்பரையும் ஆகரையும் காலிசெய்து, பெல்லட்டை மூடியுள்ள வாளியில் போடுங்கள். சாம்பல் ஒரு பிடிகூட உள்ளே இருக்கக் கூடாது. கொழுப்பு வாளியைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள், அதில் மழைநீர் தேங்கினால் மேலே மிதக்கும் கொழுப்பு வழிந்து தரையைக் கெடுக்கும். கம்பித்தட்டுகளுக்கு மெல்லிய எண்ணெய் பூசி அறைக்குள் வைத்துவிடலாம். உறை போட்டால் அடிப்பக்கம் காற்று நுழையும்படி விட்டு, மாதம் ஒருமுறை வெயில் நாளில் உறையை எடுத்து மூடியை ஒருமணி நேரம் திறந்து வையுங்கள்.